அறுபது புள்ளியில் தோற்றவருக்கு ஒரு பாராட்டு விழா

கூடைப்பந்து வரலாற்றில் காப்பெல் வட்டாரத் தமிழ்ப் பேரவைக்கு உள்ள இடத்தை எவராலும் அசைக்க முடியாது. டெக்சஸ் மாநிலத்திலேயே கூடைப்பந்துக்காக எங்களைவிட அதிகமாகக் கூட்டம் போட்டவர்கள் இல்லை. பேரவையின் மக்கள் தொடர்புச் செயலாளன் என்ற முறையில் அந்தக் கூட்டங்கள் அனைத்திலும் நான் இருந்தேன். இது நேரில் கண்டவனின் சாட்சியம்.

எல்லாம் பல் டாக்டர் சயந்தினியின் வீட்டு விருந்தில் தொடங்கியது. ஞாயிறு மதியம், பெரிய திரையில் மேட்ச் ஓடிக்கொண்டிருந்தது. பேரவைத் தலைவர் பசுபதி தமது விளையாட்டு வாழ்க்கையை விவரித்தார். அவர் இளமையில் திருச்சி மாவட்ட அணிக்குத் தேர்வாகும் நிலைக்கு மிக அருகில் வந்தவர். எவ்வளவு அருகில் என்பது விருந்துக்கு விருந்து மாறும். அன்று வெறும் கணுக்கால் சுளுக்கு ஒன்றுதான் குறுக்கே நின்றது.

சயந்தினியின் அம்மா ஜெயமலர் மீன் கட்லட் தட்டோடு வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். கணவர் இறந்த பிறகு டொரண்டோவிலிருந்து மகளோடு வந்து இருப்பவர். எங்களைப் பொறுத்தவரை அவர் கட்லட் ஆன்ட்டி. தட்டை வைத்துவிட்டு, மழை வரும்போல இருக்கிறது என்று சொல்லும் குரலில் சொன்னார்:

"நானும் விளையாடினனான் தம்பி. இலங்கை டீமில. ஆசியப் போட்டிக்குப் போனனாங்கள்."

பசுபதியின் கையில் இருந்த கட்லட் அந்தரத்தில் நின்றது.

பிறகு கேட்கக் கேட்க விவரம் வந்தது. எழுபதுகளில் நடந்த போட்டி. ஆசிய நாடுகளின் பெண்கள் அணிகள் மோதியது. இவர்கள் அதுவரை சிமெண்ட் தரையில் மட்டுமே விளையாடியவர்கள். அங்கே மரத்தரை. முதல் நாள் பயிற்சியில் ஆளாளுக்கு வழுக்கி விழுந்தார்களாம். இவருடைய சப்பாத்து ஒரு அளவு பெரிது, முன்னால் பஞ்சு அடைத்துப் போட்டிருக்கிறார். முதல் மேட்சில் எதிரணிப் பெண்கள் ஒவ்வொருவரும் கதவுநிலை உயரம். தொண்ணூறு புள்ளி வித்தியாசத்தில் தோல்வி.

அன்று சாயந்தரம் அந்த உயரப் பெண்கள் ஒரு பை நிறைய ஆரஞ்சுப் பழத்தோடு இவர்களுடைய அறைக்கு வந்தார்களாம். ஒருவர் பாஷை ஒருவருக்குத் தெரியாது. பழம் தின்றார்கள். அப்புறம் அந்த உயரப் பெண்களில் ஒருத்தி காலுறைகளைச் சுருட்டிப் பந்தாக்கி, குள்ளமானவர்கள் உயரமானவர்களின் கைக்கு மேலால் எப்படி எறிய வேண்டும் என்று தாழ்வாரத்தில் நின்று செய்து காட்டியிருக்கிறாள்.

"அடுத்த மேட்ச்?" என்றார் பசுபதி, நாற்காலியின் நுனிக்கு வந்து.

"அறுபதாலதான் தோத்தம்" என்றார் ஜெயமலர். அவர் முகத்தில் இருந்த பெருமையைக் கண்டு, நான் காதில் ஏதோ தவறாக வாங்கிவிட்டேனோ என்று நினைத்தேன்.

மறுவாரமே செயற்குழு கூடியது. கட்லட் ஆன்ட்டிக்குப் பாராட்டு விழா எடுப்பதென்று ஏகமனதாகத் தீர்மானித்தோம். சிறு சிக்கல் ஒன்று மட்டும் இருந்தது. அவர் அணி ஒரு மேட்சிலும் ஜெயிக்கவில்லை. "லாஸ்ட்னு எல்லாம் போட வேணாம். பார்ட்டிசிபேட் பண்ணாங்கன்னு போடுங்க" என்றார் தலைவர். "பங்கேற்றார்" என்று எழுதினேன். களையாக இல்லை என்றார்கள். "முத்திரை பதித்தார்" ஆக்கினேன். பேனர் அச்சாகி வந்தபோது அது "ஆசியாவை அதிரவைத்த வீராங்கனை" ஆகியிருந்தது. தமிழ் வளரும் மொழி.

சம்மதம் கேட்கப் போனபோது ஜெயமலர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

"சால்வை எல்லாம் வேண்டாம். பொம்பிளையள் பத்துப் பேரைக் கூப்பிட்டு ஒரு மேட்ச் வையுங்கோ. நான் விசில் ஊதுறன்."

பேரவை இதை மனமுவந்து ஏற்றது. மகளிர் ஆட்டத்தை நடத்த நான் உட்பட ஐந்து ஆண்கள் கொண்ட உபகுழு உடனே அமைக்கப்பட்டது.

முதலில் பெயர் கொடுத்தவள் என் மனைவி ஸ்வர்ணா. சேலத்தில் பள்ளி அணியில் பத்தாம் வகுப்பு வரை விளையாடினாளாம். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இதை என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க எப்ப கேட்டீங்க?" என்றாள். நியாயமான பதில்தான். ஆனால் நிகழ்ச்சி நிரலில் இல்லாத கேள்வி என்பதால் மேலே தொடரவில்லை.

காப்பெலில் பாதி வீடுகளின் முன்னால், கார் நிறுத்தும் டிரைவ்வேயில், ஒரு கூடைக் கம்பம் நிற்கும். பையன் காலேஜுக்குப் போன பிறகு அதில் குருவி உட்காரும். சயந்தினி வீட்டுக் கம்பத்தடியில் சனிக்கிழமை காலைகளில் பத்துப் பெண்கள் ஓட ஆரம்பித்தார்கள். அந்த நேரத்தில் தமிழ்ப்பள்ளி, கராத்தே, மிருதங்கம் என்று பிள்ளைகளை டிரைவ் பண்ணும் தியாகத்தைக் கணவர்கள் ஏற்றோம். நாங்கள் எங்கள் தியாகத்தைப் பற்றி வாட்ஸப்பில் எழுதிய அளவுக்கு அவர்கள் ஆட்டத்தைப் பற்றிப் பேசவில்லை. ஸ்வர்ணா மட்டும் ஒரு நாள், பாத்திரம் கழுவிக்கொண்டே, வலது கையை விசித்திரமாகத் தலைக்கு மேலே வளைத்து வளைத்துப் பார்த்தாள். கழுத்து வலியா என்றேன். இல்லை, தாழ்வார ஷாட் என்றாள்.

விழா நாள் வந்தது. ஒரு பள்ளிக்கூட ஜிம்மை மாலை ஆறு மணி வரை வாடகைக்கு எடுத்திருந்தோம். மேடையைக் கூடைக்கு நேர் கீழே போட்டோம். பேனரைக் கட்ட வசதியாக வேறு இடம் இல்லாததால் கூடையிலேயே கட்டினோம். புகை அலாரத்தை முன்னிட்டுக் குத்துவிளக்கு பேட்டரியில் எரிந்தது. ஸ்பான்சராக வந்த வீட்டுத் தரகர், வாழ்க்கையும் ஒரு மார்ட்கேஜ் என்று விளக்கினார். பொருளாளர் ஸ்ரீநிவாசன் பழந்தமிழரின் பந்து விளையாட்டு பற்றிப் படங்களோடு பேசினார். படங்கள் வரவில்லை, பேச்சு வந்தது. பிள்ளைகள் அடுத்தடுத்து நடனமாடினார்கள். தலைவர் உரையில் கணுக்கால் சுளுக்கு, எலும்பு முறிவாக வளர்ச்சி கண்டது.

ஜெயமலர் கழுத்தில் விசிலோடு மேடையில் உட்கார்ந்திருந்தார். விசிலுக்கு மேல் சால்வையைப் போர்த்தினோம். ஒரு சால்வைதானே, மறுப்பது மரபல்ல.

பத்துப் பெண்களும் டிராக் பேண்ட், ஷூ சகிதம் சுவரோரம் தயாராக நின்றார்கள். பத்துப் பேர் வேலையில்லாமல் நிற்பதை உணவு உபகுழு கவனித்துவிட்டது. அவர்கள் கையில் கரண்டிகள் தரப்பட்டன. ஸ்வர்ணா எனக்குச் சாம்பார் சாதம் போட்டாள். நான் தட்டை இன்னும் கொஞ்சம் நீட்டினேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த ஆளுக்குப் போனாள்.

ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் பள்ளி ஊழியர் வந்து, மூட வேண்டும் என்று தன்மையாகச் சொன்னார். தலைவர் மைக்கைப் பிடித்தார். நேரமின்மை காரணமாக மகளிர் ஆட்டம் நடந்ததாகக் கருதப்படும் என்றும், இரு அணிகளும் வென்றதாக அறிவிக்கப்படுகின்றன என்றும், பதக்கங்களை வெளியே மேசையில் பெற்றுக்கொள்ளலாம் என்றும் அறிவித்தார். கூட்டம் கை தட்டியது. எந்த நாட்டிலும் எந்தக் காலத்திலும் இரு அணிகளும் வென்ற ஆட்டம் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

ஜெயமலர் எழுந்தார். சால்வையை நான்காக மடித்துத் தலைவரின் கையில் கொடுத்தார்.

"பந்தைத் தாங்கோ தம்பி. ஒருக்கா எறிஞ்சிட்டுப் போறம்."

பந்து இல்லை. ஆட்ட உபகுழு, உணவு உபகுழு என்றிருந்ததில் பந்து எதன் பொறுப்பு என்பதில் தெளிவின்மை இருந்திருக்கிறது. ஆட்ட உபகுழுவின் நாங்கள் ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஜெயமலர் எங்களைப் பார்க்கவே இல்லை. படியிறங்கி, பெண்களிடம் போய் என்னவோ சொன்னார். கரண்டிகள் கீழே வைக்கப்பட்ட சத்தம் கேட்டது. ஐந்தாறு கார்கள் கிளம்பும் சத்தமும் கேட்டது.

அதன்பின் நாற்காலி மடிப்பது, குப்பை கட்டுவது, அழும் பிள்ளைகள் என்று பேரவையின் ஆண் சமூகம் ஒரு சோதனையைச் சந்தித்தது. வீட்டுச் சாவி ஸ்வர்ணாவிடம் இருந்ததால் நான் சயந்தினி வீட்டுக்குப் போனேன்.

வெயில் இன்னும் முழுதாக இறங்கவில்லை. டிரைவ்வேயில் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. ஜெயமலரின் விசில் தெரு முனை வரை கேட்டது. நான் போய் நின்றபோது ஸ்வர்ணாவை யாரோ இடித்து, அவள் முழங்கால் சிராய்த்து விழுந்தாள். ஓடிப் போகலாமா என்று யோசிப்பதற்குள் தானே எழுந்து, சத்தமாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் முன்பு கேட்டதில்லை. பந்தைக் கேட்டு வாங்கி, கையைத் தலைக்கு மேல் வளைத்து எறிந்தாள். பந்து கூடையில் விழவில்லை. கம்பியில் பட்டு எதிர்வீட்டுப் புல்லுக்குப் போனது. பந்தை எடுக்கப் போனவள் என்னைக் கண்டு, சாவியைத் தூக்கிப் போட்டாள். நான் பிடிக்கவில்லை.

ஆண்டறிக்கையில் "மகளிர் கூடைப்பந்தாட்டம் சிறப்பாக நடந்தேறியது" என்று எழுதினேன். இடத்தைக் குறிப்பிடவில்லை, ஆகவே பொய்யில்லை.

சனிக்கிழமைகளில் டிரைவ்வேயில் கூட்டம் கூடிக்கொண்டே போனது. அரை மணி தூரத்து ஃபிரிஸ்கோவிலிருந்தும் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். பேரவை சும்மா இருக்க முடியுமா? "காப்பெல் மகளிர் கூடைப்பந்து மன்றம்" ஒன்றை நிறுவினோம். தலைவர் பசுபதி, செயலாளர் நான், பொருளாளர் ஸ்ரீநிவாசன். மூவரும் ஒரு மாலை ஜெயமலரைக் காணப் போனோம். சீருடை நிறம் பற்றிய கருத்துக்கணிப்பையும், மன்றத்தின் விதிமுறைகளையும், அவருக்கென்று உருவாக்கிய கௌரவ ஆலோசகர் பதவியையும் எடுத்துச் சொன்னோம். அவர் தேத்தண்ணி தந்து, முழுவதும் கேட்டார். முடித்ததும் கோப்பைகளை எடுத்துக்கொண்டே சொன்னார்:

"தம்பி, எங்கட டீம் எல்லா மேட்சும் தோத்ததுதான். ஆனா நாங்கள் விளையாடித் தோத்தனாங்கள்."

பசுபதிக்கு உடல் சிலிர்த்துவிட்டது. காரில் ஏறியதுமே அதை டி-ஷர்ட்டில் போட்டுவிட வேண்டும் என்றார், பேரவை ஆண்கள் அனைவருக்கும். தோற்றது மட்டும் நெகட்டிவாக இருக்கிறது, அதை எடுத்துவிடுங்கள் என்று என்னிடம் பொறுப்பைத் தந்தார்.

எடுத்துப் பார்த்தேன். "நாங்கள் விளையாடினோம்" என்று மிஞ்சியது. ஆசியாவையே அதிரவைத்த இந்தக் கைக்கு, அந்த இரண்டு சொல்லை எங்கள் நெஞ்சில் அச்சடிக்க மட்டும் இதுவரை துணிவு வரவில்லை.