உங்கள் கடப்படியில் நிற்கும் மோட்டார் சைக்கிள்

அன்பும் பண்பும் நிறைந்த மச்சான் ஸஹீத் அவர்களுக்கு, கல்முனையிலிருந்து உங்கள் உடன்பிறந்த ராத்தா றஹீமாவின் மாப்பிள்ளை மஜீட் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும் வறஹ்மத்துல்லாஹி வபறகாத்துஹு.

அல்லாஹ்வின் கிருபையால் இங்கு அனைவரும் சுகம், என் இடது முழங்கால் நீங்கலாக. கட்டாரில் தாங்களும் சுகமாயிருக்க துஆச் செய்கிறோம். முதலில் ஸலாம்களை ஒப்படைத்துவிடுகிறேன். உங்கள் ராத்தா ஸலாம் சொன்னா. உங்கள் மதினி ஸைனம்பு, காக்கா மௌத்தான இத்தாவில் இருந்தபடி, கதவுக்குப் பின்னால் நின்று ஸலாம் சொன்னா. என் மகள் ஸம்றா சொன்னாள். சம்மாந்துறைச் சந்தியில் ஒருவர், பேர் ஞாபகமில்லை, முன்பல் இரண்டும் இல்லாதவர், அவரும் சொன்னார். ஒருவர் சொல்லிவிட்ட ஸலாம் நம்பி ஒப்படைத்த அமானத் அல்லவா? எத்தி வைக்காவிட்டால் அது நம் கழுத்தில் கிடக்கும். முப்பத்திரண்டு வருடம் நீர்ப்பாசனக் கந்தோரில் ஒரு கடுதாசியைக்கூடத் தவறவிடாதவன் நான் என்பது தாங்கள் அறிந்ததே.

இந்தக் காலத்தில் ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். வட்ஸ்அப்பில் நீங்கள்தான் என்னை அடைத்துவிட்டீர்களே. ஆகவே நாளை மறுநாள் கட்டாருக்குப் போகிற ஸாஜித்தின் கையில் கொடுத்தனுப்புகிறேன். நீங்கள் படித்து முடியும்வரை முன்னால் நிற்கச் சொல்லியிருக்கிறேன். அவனுக்குத் தேத்தண்ணி கொடுக்கவும்.

விசயம் இதுதான். உங்கள் காக்கா முனாப் மௌத்தாகி மூன்று மாதம் கழிந்துவிட்டது. பதினொரு வருடம் காக்காவும் தம்பியும் கதைக்கவில்லை. ஜனாஸாவுக்கு வர விமானம் கிடைத்திருக்காது, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு கோல்கூட எடுக்கவில்லை. நீங்கள் அவரைப் பொறுத்துக்கொண்டதாக ஒரு வார்த்தை வர வேண்டும். இல்லாவிட்டால் எனக்கு இந்த றோட்டில் போய்வர எலாது. ஏனென்று சொல்கிறேன், சிரிக்காமல் படியுங்கள்.

என்னுடைய எம்டி நைன்டி மோட்டார் சைக்கிளை அறிவீர்கள். சிலிண்டர் தேய்ந்து, முன்னால் போகிற என்னைப் பின்னால் வருகிறவனுக்குத் தெரியாத அளவுக்குப் புகை. முனாப் மச்சானுடையது சீ நைன்டி. நாற்பதாம் நாள் கத்தம் முடிந்ததும் ஸைனம்பு, "மஜீட் மச்சான், அது கறள்புடிச்சிக் கிடக்கிறத எனக்குப் பாக்க எலாம இரிக்கி, நீங்க கொண்டு போய் எதுக்காவது பாவிங்க" என்றா. நான் பாண்டிருப்பில் கறாஜ் வைத்திருக்கும் புண்ணியமூர்த்தி பாஸிடம் இரண்டையும் தள்ளிக்கொண்டு போனேன். அவர் இரண்டையும் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "சேர், வெளிய பாத்தாத்தான் வேற வேற. உள்ளுக்குள்ள ரெண்டும் ஒரு வயித்துப் புள்ளைகள். இதுட எஞ்சின் தலையத் தூக்கி அதுல வைக்கலாம், அதுட பிஸ்டன எடுத்து இதுல போடலாம். செவன்டிட சாமான் மட்டும் கலக்கப்படாது. அச்சொட்டா இதப்போலதான் இரிக்கும், ஆனா சரிவராது" என்றார். "அப்ப போடுங்க பாஸ்" என்றேன். நாலாம் நாள், "போட்டாச்சு சேர்" என்று சாவியைத் தந்தார். முகம் கொஞ்சம் ஒருமாதிரித்தான் இருந்தது. நான் கவனிக்கவில்லை.

முதல் நாள் லுஹர் தொழுதபின் வயல் வட்டைக்குப் புறப்பட்டேன். புகை இல்லை, சத்தம் தேன். சம்மாந்துறைக்குள் நுழைகிற இடத்தில், பூட்டிக்கிடக்கிற உங்கள் மாடி வீட்டுக் கடப்படிக் கேற்றுக்கு முன்னால், பொக்கென்று நின்றுவிட்டது. உதைத்தேன். உதைத்தேன். முழங்கால் போனது அன்றுதான். நல்ல உச்சி வெயில், றோட்டில் ஒரு ஆடுகூட இல்லை. எஞ்சின் சூடு ஆறும்போது டிக், டிக் என்று ஒரு சத்தம் வருமே, ஆரோ குந்தியிருந்து தஸ்பீஹ் மணி உருட்டுகிற மாதிரி. கேற்றில் கறள் பிடித்த பூட்டு. மேல்மாடி யன்னல் ஒன்று திறந்து கிடந்தது. ஒரு காற்றும் இல்லை, ஆனால் அந்த யன்னல் மெல்ல மூடியது. நான் ஆயத்துல் குர்ஸியைத் தொடங்கினேன், பாதியில் மறந்துபோனது. கால் மணித்தியாலம் கழித்து ஒரே உதையில் எடுபட்டது.

வட்டையிலிருந்து திரும்பி வந்தேன். இந்தமுறை உங்கள் வீட்டடியில் நிற்கவில்லை, அல்ஹம்துலில்லாஹ் என்று நினைத்து முடிக்கவில்லை, மையவாடி மதிலடியில் நின்றது. எந்த இடம் என்கிறீர்கள்? உள்ளே எட்டிப் பார்த்தால் முனாப் மச்சானின் கபுறு, மண் இன்னும் நிறம் மாறாமல் இருக்கிறது. அடுத்த நாளும் அப்படியே. போகும்போது தம்பி வீடு, வரும்போது காக்காவின் கபுறு. மூன்றாம் நாளும் அதே. உங்கள் கடப்படியில் அந்த உடைந்த மைல்கல் இருக்கிறதே, அதற்கு ஒரு முழம் இங்காலே இல்லை, அங்காலே இல்லை.

உங்கள் ராத்தாவிடம் சொன்னேன். குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தவ கத்தியைக் கீழே வைத்தா. "காக்கா தம்பியத் தேடி அலையிறார். பொறுத்துக்கோ எண்டு பொருத்தம் கேக்கத்தான் போறார். உங்களச் சுமந்துக்கிட்டுப் போறார், பாவம்" என்றா. இதில் யார் பாவம் என்று எனக்கு விளங்கவில்லை. பிறகு பள்ளி லெப்பையிடம் போனோம். லெப்பை தாடியைத் தடவிவிட்டு, "மஜீட், நான் மனிசனுக்கு ஓதியிரிக்கன், மாட்டுக்கு ஓதியிரிக்கன், மெசினுக்கு இன்னும் ஓதல்ல" என்றார். ஆனாலும் முகம் முறிக்காமல் ஒரு போத்தல் தண்ணீர் ஓதித் தந்தார். எனக்குக் குடிக்கத்தான் தந்தது. உங்கள் ராத்தா அதைப் பெற்றோல் டேங்க்குக்குள் ஊற்றிவிட்டா. இரண்டு நாள் மோட்டார் சைக்கிள் எங்கேயும் நிற்கவில்லை, ஏனென்றால் எங்கேயும் போகவில்லை.

டேங்க்கைக் கழுவி மறுபடியும் போனேன். நின்றது. அந்த நேரம் அவ்வழியே தலையில் வெற்றிலைப் பெட்டியோடு போன ஒரு கிழவி, "அஸ்ஸலாமு அலைக்கும் மனே, என்னத்துக்கு வெயிலுக்க நிக்கிறாய்" என்றா. நான் பதில் ஸலாம் சொல்லி உதைத்தேன், எடுபட்டுவிட்டது! ஆகா, விசயம் பிடிபட்டது என்று நினைத்தேன். அன்றிலிருந்து அங்கே நின்றால் பூட்டிய கேற்றைப் பார்த்து ஒரு ஸலாம் சொல்லுவேன், கால் மணித்தியாலம் காத்திருப்பேன், உதைப்பேன். எடுபடும். ஊரார் பார்த்தார்கள், "மஜீட் சேருக்குப் பென்சனோட எல்லாம் போயிட்டு" என்றார்கள். சொல்லட்டும். ஆனால் போன வியாழக்கிழமை நான் ஸலாம் சொன்னேன், மச்சான், உள்ளேயிருந்து பதில் வந்தது.

"வஅலைக்குமுஸ்ஸலாம்." அடைத்த குரல். மேலே இருந்து. பூட்டிய வளவுக்குள்ளே இருந்து. மோட்டார் சைக்கிளை அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன், ஒரு செருப்பு உங்கள் கடப்படியில் கிடக்கிறது. முழங்கால் நோ என்று இத்தனை நாள் சொன்னது பொய்யோ என்று ராத்தா கேட்டா.

இதற்கெல்லாம் மேலே ஒன்று நடந்தது. அதை எழுதக் கை கூசுகிறது. நேற்று வட்டைக்குப் போகும்போது ஸைனம்புவின் வீட்டு ஒழுங்கையால் போனேன். திரும்பி வந்தபோது அவவின் மகள் றஸ்னா றோட்டுக்கு ஓடிவந்து மறித்தாள். "மாமா, இனி இந்தப் பக்கத்தால வராதிங்க. நீங்க போன சத்தம் கேட்டு உம்மா எழும்பி வாப்பாட பீங்கானக் கழுவி சோறு போட்டு வெச்சிட்டா. ‘மனிசன் வாறார், அவர்ட சத்தம் எனக்குத் தெரியாதா’ எண்டு சொல்றா" என்று அழுதாள். நான் மோட்டார் சைக்கிளை நிறுத்தி அவள் தலையைத் தடவிவிட்டு, வீடுவரை தள்ளிக்கொண்டே வந்தேன். அந்தச் சோற்றை யார் தின்றது என்று கேட்கவில்லை.

ஆகவே மச்சான், இதைவிட அத்தாட்சி என்ன வேண்டும்? உங்கள் காக்காவின் பிஸ்டனும் தலையும் என் மோட்டார் சைக்கிளுக்குள் கிடந்து உங்கள் வாசலைத் தேடுகின்றன. அன்றைய பகை என்ன பெரிய பகை? வாய்க்கால் தண்ணீர். "தம்பி வயல் பக்கமே வாறானில்ல, அவனுக்கு என்னத்துக்குத் தண்ணி" என்று அவர் சொன்னார் என்று ஒரு கதை உங்கள் காதுக்கு வந்தது, அவ்வளவுதான். யார் கொண்டுவந்தது என்பதெல்லாம் பழைய கதை, அதை இப்போது கிண்ட வேண்டியதில்லை. அவரும் கடைசியாக வயல் வரம்படியில் என்னைக் கண்டு நின்றபோது... அதை விடுங்கள். நீங்கள் பொறுத்துக்கொண்டேன் என்று ஒரு வரி எழுதி ஸாஜித்திடம் கொடுத்தால் போதும். நான் அதைக் கபுறடியில் வாசித்துவிட்டு நிம்மதியாக வயலுக்குப் போவேன்.

அல்லாஹ் தங்களுக்கு நீண்ட ஆயுளையும், பறக்கத்தான சம்பாத்தியத்தையும், பிள்ளைகளுக்கு நல்ல அறிவையும், எனக்கு நிற்காத ஒரு வாகனத்தையும் தருவானாக, ஆமீன்.

இப்படிக்கு, தங்கள் நன்மையை என்றும் நாடும்,
மஜீட்.

பிற்குறிப்பு: ஒட்டிய கடிதத்தை உடைத்து எழுதுகிறேன். மேலே எழுதியதெல்லாம் பிழை.

இன்று காலை புண்ணியமூர்த்தி பாஸிடம் போய், "மௌத்தாப் போன மனிசன்ட சாமானெல்லாத்தையும் கழட்டி அவர்ட மெசினுக்கே திரும்பப் போடுங்க" என்றேன். பாஸ் கையைத் துடைத்தார், தலையைச் சொறிந்தார், என்னைக் கறாஜின் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய் ஒரு படங்கை விலக்கினார். முனாப் மச்சானின் சீ நைன்டி. முழுசாக. ஒரு ஆணி கழட்டப்படவில்லை. "கோவிக்காதிங்க சேர். இருவது வருசம் என்னத் தவிர ஆரையும் தொட விடாத மனிசன். ஸ்பனரத் தூக்கினன், கை வரல்ல. இறக்காமத்தில பழைய சாமான் விக்கிறவனிட்ட வேற பிஸ்டனும் தலையும் வாங்கிப் போட்டன். உங்களிட்டச் சொல்ல வெக்கமாப் போயிட்டு" என்றார்.

அப்படியென்றால் நிற்பது யார்? அவரே பார்த்தார். என் கார்பரேட்டருக்குள் மிதக்கிற சின்ன மிதவை செவன்டியினுடையதாம், அந்த இறக்காமத்துச் சாமானோடு கலந்து வந்திருக்கிறது. ஆறு கிலோமீற்றர் ஓடினால் உள்ளே பெற்றோல் வற்றும், கால் மணித்தியாலம் நின்றால் தானாக நிரம்பும். என் வீட்டிலிருந்து ஆறு கிலோமீற்றர் உங்கள் கடப்படி. வட்டையிலிருந்து ஆறு கிலோமீற்றர் மையவாடி. யன்னலை மூடியதும் உள்ளேயிருந்து ஸலாத்துக்குப் பதில் சொன்னதும் அஸ்கி என்கிற ஊர்ப் பொடியனாம், பாஸிடம் அவனே ஒப்புக்கொண்டிருக்கிறான். உங்கள் வளவுத் தென்னைக்குக் களவாக வந்து போகிறான். முதல் நாள் என்னைக் கண்டு மேல்மாடிக்குள் ஒளித்தவன், போன வியாழக்கிழமை மரத்தில் இருந்திருக்கிறான். ஸலாத்துக்குப் பதில் சொல்லாமல் விடுவது குற்றம் என்று பயந்து, தேங்காயை மார்பில் அணைத்துக்கொண்டு சொன்னானாம்.

எல்லாம் விளங்கிவிட்டது, ஸைனம்பு கேட்ட சத்தம் மட்டும் விளங்கவில்லை. என் எஞ்சினில் அவருடைய ஒரு ஆணியும் இல்லை. பாஸிடம் கேட்டேன். "அதுக்கு எனக்கிட்டச் சாமான் இல்ல சேர்" என்றார்.

வரும்போது மிதவை மாற்றிய மோட்டார் சைக்கிள் எங்கேயும் நிற்கவில்லை. மையவாடியடியில் நானே நிறுத்தினேன். அவருடைய எஞ்சின் என்னை மறிக்கவில்லையென்றால், மறித்தது என்னுடையதுதான். ஆகவே எழுதுகிறேன். பதினொரு வருடத்துக்கு முன் அந்தத் தண்ணீர்க் கதையை உங்களிடம் கொண்டுவந்தது நான், அது உங்களுக்குத் தெரியும். தெரியாதது, அவர் அதைச் சிரித்துச் சிரித்துச் சொன்னார். நான் சிரிப்பை வழியில் விட்டுவிட்டுச் சொல்லை மட்டும் கொண்டுவந்தேன். மௌத்தாவதற்கு இரண்டு நாளைக்கு முன் வரம்படியில் எஞ்சினை நிறுத்தாமலே நின்று, "மஜீட் மச்சான், தம்பிக்கு என்ட ஸலாத்தச் சொல்லுங்க" என்றார். "இன்ஷா அல்லாஹ்" என்றேன். நீங்கள் இருவரும் கதைத்தால் என் பேர்தான் முதலில் வரும் என்று பயந்து அதை அன்றே எத்தி வைக்கவில்லை, அவர் போனபிறகும் மூன்று மாதம் வைத்துக்கொண்டிருந்தேன். பொறுக்க வேண்டியது அவரை அல்ல, என்னை.

சீ நைன்டி பாண்டிருப்பில் படங்குக்குள் கிடக்கிறது. வந்து எடுங்கள்.

உங்கள் காக்கா முனாப் உங்களுக்கு ஸலாம் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். இந்தமுறை அதையும் சேர்த்துத் தருகிறேன்.