என் முட்டிக்காக டீயை விட்ட பாஸ்டர்

எட்டாவதோடு படிப்பை நிறுத்திய தையல்காரி நான். நாலு பேர் படிக்கிற பத்திரிகையில் எழுத வந்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பேச வராததால்தான் எழுதுகிறேன்.

செஞ்சியில் ஆண்டவரையே மிரட்டியவர் எங்கள் டீ பாஸ்டர் ஒருவர்தான். ஒரு நாளைக்குப் பதினோரு டீ குடிப்பார். ஞானஸ்நானம் கொடுக்கும்போதுகூட ஒரு கண் எதிர் டீக்கடையில் இருக்கும். பிரசங்கத்தில், நிலக்கடலை நனைந்ததிலிருந்து ஊர்க் கஷ்டத்தையெல்லாம் அண்ணாந்து பார்த்துக் கேட்பார்.

"இன்னா ஆண்டவரே இது? மல்லாட்ட காயப்போட்ட அன்னிக்கா மழைய அனுப்புவீரு? கரண்ட்டு இல்ல, பஸ்ஸு இல்ல. உம்மகிட்ட சொல்லாம யார்கிட்ட சொல்றது?"

நாங்கள் மெதுவாக ஆமென் சொல்வோம். மேலே கோபித்துக்கொண்டால் எங்கள் பெயர் வரக்கூடாது, பாருங்கள்.

அவர் சபையில் ஒரு சட்டம் உண்டு. ஜெபத்துக்குப் பதில் கிடைத்தவர்கள் மைக்கில் வந்து சாட்சி சொல்ல வேண்டும். "வாங்கறப்ப இல்லாத கூச்சம் சொல்றப்ப இன்னாத்துக்கு?" என்பார்.

மிஷினை மிதித்து மிதித்து என் முட்டி போனது. ஜெபிக்கச் சொன்னேன். தலையில் கை வைத்தவர் திடீரென்று கத்தினார்: "இந்த சிஸ்டர் முட்டி சரியாவுற வரைக்கும் நான் டீ தொட மாட்டேன். உம்மால ஆனதப் பாரும்!"

இதை ஆண்டவரே எதிர்பார்த்திருக்க மாட்டார். புதன்கிழமையே வலி போய்விட்டது.

சந்தோஷப்படுவதற்குள் மைக் ஞாபகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை நொண்டிக்கொண்டே போனேன்.

"எப்டி இருக்குது சிஸ்டர்?"

"அப்டியேதான் இருக்குது ஐயா."

"சரி, அவரா நானான்னு பாத்துடறேன்."

வேதத்தில் வேறொருவரை விழுங்கிய மீன், இரண்டாவது வாரப் பிரசங்கத்தில் நோவாவை விழுங்கியது, பேழையோடு. மூன்றாவது வாரம் ஒரு கல்யாணத்தில் சாவு வீட்டு அடக்க ஆராதனை ஜெபத்தை ஆரம்பித்துவிட்டார். மாப்பிள்ளை மட்டும் உருக்கமாக ஆமென் சொன்னார்.

டீக்கடைக்காரர் என்னை வழிமறித்தார். "யக்கா, ஒன் முட்டிக்கு நான் சிங்கவரம் பெருமாள வேண்டிக்கினு இருக்கேன். சீக்கிரம் எழுந்து நட. வியாபாரம் படுத்துடுச்சி."

நான் நொண்டினேன். ராத்திரியெல்லாம் தூக்கமில்லை. ஆனால் மைக்?

நாலாவது ஞாயிறு பாஸ்டர் முகம் வெளுத்திருந்தது. "விசுவாசம்னா டீ குடிக்காம இருக்கறது இல்ல. எதிர்ல பால் பொங்குது பாருங்க, அந்த வாசனைய மூக்குல வாங்கிக்கினு நிக்கறது..." சொல்லிக்கொண்டே பிரசங்க பீடத்தோடு சரிந்தார்.

எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. ஒரு பெஞ்சைத் தாண்டினேன், திண்டிவனம் பஸ்ஸுக்குக் குறுக்கே ஓடினேன், ஓட்டமாகவே திரும்பினேன். கையில் டீ கிளாஸ். சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

பாஸ்டர் கண் திறந்தார். கிளாஸைப் பார்த்தார். முட்டியைப் பார்த்தார். சபை மொத்தமும் முட்டியைப் பார்த்தது.

"நடந்தா வந்தீங்க?"

"ஓடியாந்தேன் ஐயா."

"எப்ப சரியாச்சி?"

"மொத பொதங்கெழமையே."

ஒரே மடக்கில் டீயைக் குடித்துவிட்டு மைக்கை எடுத்தார். நான் காலி கிளாஸைத் தூக்கிக்கொண்டு கதவுப் பக்கம் நகர்ந்தேன். அதைப் பார்த்தவர், மைக்கைத் தன் வாய்க்கே கொண்டுபோனார்.

"சிஸ்டர் சாட்சி சொல்லியாச்சி. காலால சொன்னாங்க. எல்லாரும் பாத்தீங்க இல்ல? பாட்டு பாடுங்க."

அன்றைக்கு மைக்கில் சொல்லாததைத்தான் இன்றைக்கு எழுதியிருக்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கு மறுநாள் திங்கட்கிழமை. பாஸ்டர் பதினோரு டீ குடித்தார். நான் நாலு ரவிக்கை தைத்தேன்.