ஜெர்மனியிலிருந்து ஒரு ரசிகர்

பெருமதிப்பிற்குரிய 'கணினிச் சந்தேகம்' பகுதி ஆசிரியர் அவர்களுக்கு, காங்கேயத்திலிருந்து அங்கப்பன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நான் நலம். தங்கள் நலமும், தங்கள் கணினியின் நலமும் அறிய ஆவல்.

என் மகள் மோகனப்பிரியா பெங்களூரில் வேலை பார்க்கிறாள். வாராவாரம் கணினி பற்றிப் பேசிப் பதிவு செய்து, படம் போட்ட குறிப்பு ஒன்றும் சேர்த்து இணையத்தில் போடுகிறாள். எனக்கு ஒரு எழவும் புரியாதுங்க. ஆனால் அவள் அம்மா போன பிறகு இந்த வீட்டில் பேச்சுச் சத்தம் என்றால் அது ஒன்றுதான், அதனால் ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்ப இறக்கிக் கேட்பேன். ஒருநாள் போனில், "ஏனுங்கப்பா, கேக்கறவங்க எல்லாம் காங்கேயம்னே காட்டுது, நீங்கதானா? வேற யாருமே கேக்கறதில்லீங்கப்பா, நிறுத்திப்போடலாம்னு இருக்கறேன்" என்றாள். எனக்குப் பகீரென்றது.

மொபைல் கடை சஹீரிடம் ஓடினேன். ஆள் அடையாளத்தை மறைக்கும் உலாவி ஒன்றைப் போட்டுக் கொடுத்தார். அதில் கேட்டால் நாலு நாடு சுற்றித்தான் போகுமாம், காங்கேயம் என்று காட்டாதாம். அடுத்த வாரமே மகள், "அப்பா, ஜெர்மனில எல்லாம் கேக்கறாங்கப்பா!" என்று துள்ளினாள். "அப்படியா அம்மணி?" என்று நானும் வாயைப் பிளந்தேன். அத்தோடு விட்டேனா? இறக்கிய குறிப்பை அந்த உலாவிக்கு வெளியே, சாதாரணமாகத் திறந்துபோட்டேன். அது உள்ளே இருக்கிற படத்தைக் கேட்டு நேராக அவள் இணையப் பக்கத்துக்கே போய், காங்கேயம் என்று கோள் மூட்டிவிட்டது. மகள் கேட்டதற்கு, "பக்கத்து ஊட்டுக்காரரா இருக்கும் கண்ணு" என்று சமாளித்தேன். சஹீரோ, "நெட்ட அமத்திப்போட்டுத்தானுங்ணா கோப்பைத் திறக்கோணும்" என்று தலையில் அடித்துக்கொண்டார். அதிலிருந்து வைஃபை பெட்டியின் ஒயரைப் பிடுங்கி, அதையும் நம்பாமல், மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு தோப்பு மோட்டார் ரூமுக்குப் போய்த்தான் திறக்கிறேன். அங்கப்பன் அண்ணனுக்கு என்னமோ ஆகிப்போச்சு என்று ஊருக்குள் பேச்சு.

போன பதிவில் பிள்ளை இருமினாள். மனசு கேட்கவில்லை. பக்கத்தின் அடியில் ஹென்றி என்று பெயர் போட்டு, "நல்லாப் பேசறீங்க கண்ணு. சுக்குக் காப்பி வெச்சுக் குடியுங்க" என்று எழுதிவிட்டேன். ஜெர்மனிக்காரன் கண்ணு என்பானா என்று அனுப்பின பிறகுதான் உறைத்தது. அதன்பின் அவளிடமிருந்து போனும் இல்லை, பதிவும் இல்லை. வீடு கம்மென்று கிடக்கிறது, இருக்கவே முடியவில்லைங்க. எழுதியதை அழிக்க வழி உண்டுங்களா?

தங்களுக்கும் குடும்பத்தாருக்கும் மாசாணியம்மன் ஒரு குறையும் வைக்காதிருக்கட்டும்.

இப்படிக்கு,
அங்கப்பன்

பி.கு.: ஒன்றையும் அழிக்க வேண்டாமுங்க, கடிதத்தையும் பிரசுரிக்க வேண்டாம். யாரிடமாவது சொல்லவேண்டும் போலிருப்பதால்தான் அனுப்புகிறேன். இப்போதுதான் புதுப் பதிவு வந்தது. எடுத்தவுடனே, "ஜெர்மனிக்கார அய்யா, ஞாயித்துக்கிழமை நான் வாரேனுங்க. காங்கேயம் பஸ் ஸ்டாண்டுக்கு வண்டி எடுத்துட்டு வந்துருங்க" என்கிறாள்.