கருவிச் சித்தரும் பதினொரு கதவுகளும்

இரத்தப் பரிசோதனைக் கூடத்தின் மூன்றாம் மாடியில் அந்த வெள்ளிக்கிழமையும் கூட்டம். நோயாளிகள் அல்ல. பக்கத்து அலுவலகங்களின் மேலாளர்கள். இறந்த சர்வர் கணினிக்கு உயிர் கொடுக்கும் கருவிச் சித்தரைப் பார்க்க வந்திருந்தார்கள்.

சித்தருடைய மகிமை அப்படி. முடிவுகளை அனுப்பும் சர்வர் நிற்பதற்கு அரை மணி நேரம் முன்பே கீழே வரவேற்பறையில் வந்து உட்கார்ந்துவிடுவார். ஞானதிருஷ்டி என்றார்கள். சர்வர் நின்றதும் மாடியிலிருந்து ஓடிவந்து அவரை அழைத்துப் போவார்கள். அவர் வலது கையை ஜிப்பா பையில் விட்டு, கண்ணை மூடி முனகுவார். சர்வர் எழுந்துகொள்ளும். பையில் கை எதற்கு என்று படித்தவர்கள் எவரும் கேட்கவில்லை. படித்தவர்களுக்கு வெட்கம் அதிகம்.

போன வாரம் காரணத்தையும் சொல்லிவிட்டார். "இந்தப் பொண்ணு கை பட்டா மெஷினுக்கு மூச்சு முட்டுது."

அந்தப் பெண்தான் சர்வரைப் பார்த்துக்கொள்பவள். வெள்ளிக்கிழமையோடு வேலைக்கு வர வேண்டாம் என்று மேலாளர் சொல்லிவிட்டார். வருத்தத்தோடுதான் சொன்னார்.

வியாழக்கிழமை அவள் ஒரு தாளோடு மேலாளர் முன் நின்றாள்.

"சார், இந்த மெஷின்ல பதினாலு சேவை ஓடுது. ஒவ்வொண்ணும் திறந்து வச்ச கதவு மாதிரி, யாராவது வருவாங்களான்னு காத்துக்கிட்டு நிக்கும். நமக்கு வேணும்கிறது மூணுதான்."

"மத்தது?"

"யாரோ என்னைக்கோ போட்டது. பிரிண்டருக்கு ஒண்ணு இருக்கு. இதுல பிரிண்டரே கிடையாது. வெளியிலேர்ந்து உள்ள நுழைய பழைய வழி ஒண்ணு இருக்கு, மெஷினை வித்த கம்பெனிக்காரன் வச்ச, ஊருக்கே தெரிஞ்ச பாஸ்வேர்டோட. நான் வந்ததுலேர்ந்து மூடச் சொல்றேன்."

"ஓடுறதைத் தொடாதேம்மா. அஞ்சு வருஷமா நாங்க யாரும் தொட்டதில்ல."

"அதனாலதான் சார் கேக்கறேன்."

"நாளைக்குப் போறவ. என்னவோ பண்ணிக்க."

பதினொன்றையும் நிறுத்தினாள், மறுபடி எழாதபடி. பழைய வழியை மூடிய இடத்தில், யார் தட்டினாலும் குறித்துக்கொள்ளும்படி ஒரு வரி எழுதினாள். யாராவது கத்தினால் திறந்துவிடலாம் என்று சாயங்காலம் வரை காத்திருந்தாள். யாரும் கத்தவில்லை.

வெள்ளிக்கிழமை சித்தர் வந்து கீழே உட்கார்ந்தார். அரை மணி ஆயிற்று. ஒரு மணி ஆயிற்று. அழைக்க யாரும் வரவில்லை. தாமே மாடியேறி வந்தார்.

"மெஷின் நின்னுடுச்சா?"

"இல்லையே சாமி. நல்லா ஓடுது," என்றார் மேலாளர்.

"நிக்கணுமே!"

இப்படி ஒரு கவலையை எந்த வைத்தியரிடமும் பார்த்ததில்லை.

"நீங்களே நிறுத்திக் காட்டுங்களேன்," என்றாள் அந்தப் பெண்.

சித்தர் கண்ணை மூடினார். முனகினார். பைக்குள் விரல்கள் ஓடின. சர்வரின் பச்சை விளக்கு தன் பாட்டுக்கு மினுங்கியது. அவர் நெற்றியில் வியர்வை. அந்த அறை குளிர்பதன அறை.

அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள். "காலையிலேர்ந்து ஒரு ஃபோன் மூடின கதவைப் பதினேழு தடவை தட்டியிருக்கு. நம்ம வைஃபைல அந்த ஃபோனோட பேரு என்னன்னு படிங்க சார்."

மேலாளர் எழுத்துக் கூட்டிப் படித்தார். "கருவிச் சித்தர், ரெண்டு."

ஒன்று வீட்டில் இருக்கிறது போலும்.

"கீழே உக்காந்து நிறுத்திட்டு, மேல வந்து எழுப்பியிருக்கார்," என்றாள். "பையிலேர்ந்து கையை எடுங்க சாமி."

சாமி கையை எடுக்கவில்லை. காலை எடுத்தார். படிக்கட்டில் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது.

மேலாளர் அவள் பக்கம் திரும்பினார். "திங்கக்கிழமை வழக்கம்போல வந்துடும்மா."

பக்கத்து அலுவலக மேலாளர்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் பயபக்தியோடு கேட்டார்: "எங்க மெஷின்லயும் மூடிடறோம். எந்தக் கிழமை மூடினா நல்லதும்மா?"

அவள் தன் தாளை அவர் கையில் கொடுத்தாள்.

"திருடன் கிழமை பார்த்தா சார் வர்றான்?"