அடுப்பணைச்சான் டாக்டர்

ஒரு வீட்டுக் கூரையில் புகை வரவில்லை என்பதற்காகத் தெருவே திரண்டு வந்து ஒப்பாரி வைத்தது என்றால், அது இந்தப் பூமியில் எங்கள் டாக்டர் வீட்டில் மட்டும்தான் நடந்திருக்கும். அந்த வீட்டு மாடி அறையில்தான் நான் அப்போது குடியிருந்தேன். சாப்பாட்டையும் சேர்த்துத்தான் வாடகை பேசியிருந்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேற்கொண்டு எழுதப்போவதில் கொஞ்சம் வயிற்றெரிச்சல் தெரிந்தால் வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எழுபதுகளின் தொடக்கம். பாலக்காட்டுப் பக்கம் கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஓர் ஊரில், நெல் அவிக்கும் மில்லில் எனக்கு எழுத்தர் வேலை. டாக்டர் உள்ளூர்க்காரர். சென்னைக்குப் போய் எம்.பி.பி.எஸ். படித்துவிட்டு வந்து, ஊரிலேயே ஊசி போட்டுக்கொண்டிருந்தார். நான் குடிபோன புதிதில் அவர் மற்ற டாக்டர்களைப் போலத்தான் இருந்தார். டாக்டரம்மா கொள்ளு ரசம் வைத்தால் அதன் வாசனை மாடிப்படி ஏறி வந்து என்னைக் கையைப் பிடித்துக் கீழே கூட்டிப்போகும். அப்படி இரண்டு மாதம் நன்றாக வாழ்ந்தேன்.

பிறகு டாக்டருக்கு வயிற்று வலி வந்தது. தம் கைவசம் இருந்த மாத்திரைகளையெல்லாம் தமக்கே கொடுத்துப் பார்த்தார், கேட்கவில்லை. எங்கேயோ இயற்கை வைத்தியம் செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் புறப்பட்டுப் போனார். ஒரு மாதம் கழித்து வேட்டி இடுப்பில் நிற்காத அளவுக்கு மெலிந்து, கண்கள் பளபளக்க வந்து இறங்கினார். வந்தவர் செருப்பைக் கழற்றினார், நேராகச் சமையலறைக்குப் போனார், ஒரு குடம் தண்ணீரை எடுத்து எரிகிற அடுப்பில் ஊற்றினார். அடுப்பில் அப்போது கத்தரிக்காய்க் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு மனசு ஆறவில்லை.

"இனிமே இந்த ஊட்ல அடுப்பு எரியாது. தீயில பட்டதெல்லாம் பொணம். பொணத்தைத் திங்கறவனுக்குச் சீக்கு வராம என்ன வரும்?" என்றார் டாக்டர்.

"அப்ப நாம என்னத்தைத் திங்கறதுங்க?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"தேங்கா இருக்குது, அவல் இருக்குது, பழம் இருக்குது. கொரங்குக்கு அடுப்பிருக்குதா? அதுக்குச் சக்கரை வியாதி வந்து பாத்திருக்கறயா?"

"கொரங்குக்குக் கட்டிக்குடுக்கறதுக்குப் பொண்ணு இல்லீங்க. நமக்கு இருக்குதுங்க" என்றார் டாக்டரம்மா. வீட்டில் வசந்தா என்று கல்யாண வயதில் ஒரே மகள். அந்தப் பேச்சை டாக்டர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவல் என்பது நெல்லை ஊறவைத்து வறுத்து இடிப்பது. மில்காரனான எனக்கு அது தெரியும், டாக்டருக்குத் தெரியாது. சொல்லியிருந்தால் அவலும் போயிருக்கும் என்பதால் நான் வாயைத் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில்தான் அந்த ஒப்பாரி. அந்தப் பக்கத்தில் துக்கம் விழுந்த வீட்டில் அடுப்பு மூட்ட மாட்டார்கள், அக்கம்பக்கத்தார்தான் சோறாக்கிக் கொண்டுவந்து கொடுப்பார்கள். டாக்டர் வீட்டு ஓட்டுக்கூரையில் புகை இல்லாததை எதிர்வீட்டு மாராத்தாக்கா கவனித்தார். ஒருநாள் பொறுத்தார், இரண்டு நாள் பொறுத்தார். மூன்றாம் நாள் சோறும் ரசமும் தூக்கிக்கொண்டு, பின்னால் தெருப் பெண்களையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். டாக்டரோ அந்த நேரம் பார்த்து முன்வாசலில் பாய் விரித்து, வயிற்றில் ஈரமண் அப்பி, தலையோடு கால் வெள்ளைத் துணி மூடிப் படுத்திருந்தார். அது அவருடைய மண் சிகிச்சை. பார்த்தவர்கள் என்ன நினைப்பார்கள்? "எங்களை உட்டுட்டுப் போய்ட்டீங்களே சாமீ" என்று மாராத்தாக்கா தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

டாக்டர் துணியை விலக்கி எழுந்து உட்கார்ந்தார். "ஏனக்கா, யாரு போய்ட்டாங்க?" என்று கவலையோடு விசாரித்தார்.

"நீங்கதானுங்க" என்றார் மாராத்தாக்கா.

விஷயம் விளங்கியதும் டாக்டர் அந்தக் கூட்டத்துக்கே சமைத்த உணவின் தீமைகளைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்து, சோற்றைத் திருப்பிக் கொண்டுபோகச் சொன்னார். டாக்டரம்மா குறுக்கே வந்தார். "எழவூட்டுக்குன்னு வந்த சோத்தைத் திருப்பி அனுப்புனா, கொண்டாந்தவிய குடும்பத்துக்கு ஆகாதுங்க." சாஸ்திரத்தில் அப்படி இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை. டாக்டர் சாவுக்கு வந்த சோற்றை நானும் டாக்டரம்மாவும் வசந்தாவும் வயிறாரச் சாப்பிட்டோம். டாக்டர் எங்களுக்கு எதிரே உட்கார்ந்து தேங்காயைக் கடித்துக்கொண்டிருந்தார். அன்று தொட்டு அவருக்கு அடுப்பணைச்சான் டாக்டர் என்று பெயர் வந்தது. சூட்டியது மாராத்தாக்காதான்.

ஊசியும் மாத்திரையும் பரணுக்குப் போனாலும் ஸ்டெதாஸ்கோப்பை மட்டும் டாக்டர் விடவில்லை. அதை நெஞ்சில் வைக்காமல் வயிற்றில் வைத்துக் கேட்பார். "நேத்து போண்டா தின்னுருக்கறே. உள்ள அழுவுது, கேக்குதா?" என்று குழாயை நோயாளியின் காதில் மாட்டிவிடுவார். அவனும் கேட்டுவிட்டு ஆமாங்க என்பான். மருந்துச் சீட்டும் முறைப்படி எழுதுவார். அதை மருந்துக்கடையில் நீட்டினால் காய்கறிக்கடைக்கு அனுப்புவார்கள். காய்கறிக்கடை குஞ்ஞப்பன் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு சீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். "ரெண்டு நேரம் வெள்ளரிக்கா, ராத்திரிக்கு முள்ளங்கி. முள்ளங்கி ஸ்டாக் இல்லா கேட்டோ. அதே குணமுள்ள கேரட்டு தரட்டே?" என்பார். டாக்டரின் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்த ஒரே மனிதர் அவர்தான்.

ஒன்றைச் சொல்லாமல் விடக் கூடாது. பாம்பு கடித்தவனையோ, கை கால் முறிந்தவனையோ, ஜன்னி கண்ட பிள்ளையையோ டாக்டர் ஒருநாளும் தேங்காயைக் காட்டி உட்காரவைத்ததில்லை. ஜீப் பிடித்துப் பாலக்காட்டுப் பெரிய ஆசுபத்திரிக்குத் தாமே கூடப் போவார். அங்கே ரொட்டி கொடுத்தால் தின்றுவிடாதே என்று மட்டும் வழிநெடுகச் சொல்லிக்கொண்டே போவார்.

என் பாட்டைக் கேளுங்கள். அந்தச் சாவுச் சோற்றுக்குப் பிறகு அவலும் பழமும் தின்று நான்கு நாள் தள்ளினேன். ஐந்தாம் நாள் மில்லுக்குப் போகும் வழியில் சாயாக்கடைக்குள் நுழைந்தேன். அன்று மாலை டாக்டர் மாடிப்படி அடியில் என்னை நிறுத்தி மோந்து பார்த்தார்.

"தம்பி, கடுகு தாளிச்ச வாசம் வருது."

"மில்லுல இருந்து வரேன் டாக்டர்" என்றேன்.

"மில்லுல கடுகா அவிக்கறாங்க?"

டாக்டரம்மா தினமும் நடுப்பகலில் மாராத்தாக்கா வீட்டுக்கு ஊர்நாயம் பேசப் போவார். ஏப்பத்தோடு திரும்பி வருவார். வசந்தாவும் தையல் கற்றுக்கொள்ள அங்கேதான் போனாள், அந்த வீட்டில் தையல் மிஷினே கிடையாது. டாக்டர் வீட்டில் இயற்கை உணவு சாப்பிட்டு வாழ்ந்தவர் அவர் ஒருவர்தான். இதையெல்லாம் அறியாத டாக்டர், குடும்பமே தேறிவிட்டது, மகள் கன்னத்தில் சதை பிடித்திருக்கிறது என்று ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டார். அந்த உற்சாகத்தில் சும்மா கிடந்த மண் அடுப்பில் எருவும் மண்ணும் நிரப்பி வெந்தயக்கீரை விதைத்தார். அதுவும் தளதளவென்று வந்தது.

கீரை வளர்ந்தது, வசந்தாவின் கல்யாணம்தான் வளரவில்லை. அடுப்பெரியாத வீட்டில் பெண் எடுப்பதா என்று இரண்டு இடங்கள் வாசலோடு திரும்பிப் போயின. மூன்றாவதாகப் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து ஓர் இடம் வந்தது. அந்தப் பையனை வசந்தா ஒரு கல்யாண வீட்டில் பார்த்திருந்தாள். அவனும் இவளைப் பார்த்திருந்தான். இருவருக்கும் பிடித்திருந்தது என்பது டாக்டரைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

"அண்ணா, இந்த எடமும் போச்சுன்னா, எங்கய்யன்கூடச் சேந்து தேங்கா தின்னுட்டே நானும் கெழவியாயிருவனுங்க" என்று அவள் என்னிடம் சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், கண் சிரிக்கவில்லை. எனக்குப் பாவமாக இருந்தது.

"அந்த ஒருநாளைக்கு மட்டும் பத்த வெச்சுக்கறனுங்க. ஊடு தேடி வார ஒறம்பரைக்கு ஒரு காப்பித்தண்ணியாச்சும் குடுக்க வேண்டாமுங்களா?" என்று டாக்டரம்மா கெஞ்சினார்.

"பொண்ணு பாக்க வாரவிய பொண்ணைப் பாக்கட்டும். அடுப்பை எதுக்குப் பாக்கோணும்?" என்றார் டாக்டர். கேள்வி நியாயமானதுதான். ஆனால் நியாயத்தை மட்டும் வைத்துக்கொண்டு எந்த ஊரிலும் சம்பந்தம் பேச முடியாது.

பொள்ளாச்சிக்காரர்கள் ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். தலைமை தாங்கியவர் மாப்பிள்ளையின் பெரியப்பா. நல்ல ஆகிருதி, பட்டுக்கரை வேட்டி. எல்லாம் சுமுகமாகத்தான் போனது. பெண்ணைப் பிடித்துவிட்டது என்று அவர் முகமே சொல்லிற்று. அந்த நேரத்தில் மாப்பிள்ளையின் அத்தை தண்ணீர் குடிக்கிற சாக்கில் சமையலறைக்குள் எட்டிப் பார்த்தார்.

"அய்யோ, அடுப்புல கீரை மொளைச்சிருக்குது!"

ஒரு வீட்டின் வறுமையைச் சொல்ல, அடுப்பில் பூனை படுத்திருக்கிறது என்பார்கள். இந்த அடுப்பில் பூனை படுக்கக்கூட இடமில்லை. பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "நாங்க போயிட்டுச் சொல்லி அனுப்பறமுங்க" என்றார். அப்படிச் சொன்னவர்கள் எவரும் சொல்லி அனுப்பியதாகச் சரித்திரம் இல்லை.

டாக்டரம்மா சுவரில் சாய்ந்து நின்றுவிட்டார். வசந்தா அழவில்லை. கதவோரம் நின்றபடி தலையில் வைத்திருந்த பூவை மெதுவாக எடுக்கத் தொடங்கினாள். டாக்டர் அதைப் பார்த்தார். பிறகு நேராகச் சமையலறைக்குள் போனார்.

கீரையை வேரோடு பிடுங்கினார். மண்ணை இரண்டு கையாலும் வாரி வெளியே போட்டார். அந்த வீட்டில் விறகு ஏது? தேங்காய் மட்டைதான் மலைபோல் கிடந்தது, அதுவும் மழையில் நனைந்தது. ஈர அடுப்பில் ஈர மட்டையைத் திணித்துப் பற்றவைத்தார். டாக்டர் பிறந்ததிலிருந்து அடுப்பை அணைத்திருக்கிறாரே தவிர மூட்டியதில்லை. குனிந்து அவர் ஊதிய ஊதலில் தீ வரவில்லை, புகை மட்டும் குபுகுபுவென்று கிளம்பிக் கூடத்தை நிறைத்தது. பொள்ளாச்சிக்காரர்கள் இருமிக்கொண்டே ஆளையாள் தேடினார்கள். மிச்சப் புகை ஓட்டு இடுக்கு வழியாக வெளியே போயிற்று.

எதிரே மாராத்தாக்கா பார்த்துவிட்டார். அந்தக் கூரையில் புகை வந்தால் என்ன அர்த்தம்? அடுப்பு மூட்டியிருப்பார்கள் என்று அந்தத் தெருவில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"டாக்டர் ஊடு பத்திக்கிச்சு, ஓடியாங்கோ!"

குடத்தோடு வந்தார்கள், வாளியோடு வந்தார்கள். மில்லிலிருந்து நெல் ஊறவைக்கும் அண்டாவை நான்கு பேர் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். குஞ்ஞப்பன் வெள்ளரிக்காய்க்குத் தெளிக்கிற தகர டப்பாவோடு வந்தார். புகைக்குள் அசைந்ததன்மேலெல்லாம் தண்ணீர் விழுந்தது. முதல் குடம் பெரியப்பாவின் மேல். இரண்டாவது அத்தைமேல். அண்டா பொதுவாக எல்லோர்மேலும்.

புகை விலகியபோது டாக்டர் கரி பூசிய முகத்தோடு சமையலறை வாசலில் நின்றார். "யாரு தண்ணி ஊத்துனது? இப்பத்தான் பத்துச்சு!" என்று கத்தினார்.

மாராத்தாக்கா காலிக் குடத்தோடு வாயைப் பிளந்தார். "நீங்களாவா பத்த வெச்சீங்க?"

"என்ற புள்ளைக்கு ஒரு காப்பி வெக்கலாமுன்னு..." என்ற டாக்டர் கரிக்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் கண்ணில் வந்தது புகையால்தான் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

பெரியப்பா வேட்டியைப் பிழிந்துகொண்டே கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். "ஏனுங்கம்மா, நீங்கெல்லாம் இவியளுக்குச் சொந்தமுங்களா?" என்று மாராத்தாக்காவைக் கேட்டார்.

"இல்லீங்க, நான் எதுத்த ஊடு. இவியெல்லாம் தெருக்காரங்க. மின்னால இவரு செத்தப்பக்கூட நாங்கதானுங்க சோறு கொண்டாந்தம்."

பெரியப்பா அதற்கு விளக்கம் கேட்டார். மாராத்தாக்கா நடித்தே காட்டினார். பெரியப்பாவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. ஈர வேட்டியோடு பாயில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இந்த ஊட்டுக்கு ஒண்ணுன்னா இத்தனை கொடம் வருது. எங்கூட்ல தீப்புடிச்சா எத்தனை வருமுன்னு ரோசனை பண்ணிப் பாத்தனுங்க. போச்சாது, நனைஞ்சது நனைஞ்சாச்சு, பொண்ணு எங்குளுக்குத்தான்" என்றார். வசந்தா எடுத்த பூவைத் திரும்ப வைத்துக்கொண்டாள்.

நனைந்த ஜனங்களுக்கு அந்த வீட்டில் கொடுக்க இருந்தது அவலும் தேங்காயும் வெல்லமும்தான். பெரியப்பா இரண்டாந்தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அவர் சாப்பிட்டு முடிப்பதற்குள் டாக்டர் அவர் வயிற்றில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துவிட்டார்.

கல்யாணம் மாப்பிள்ளை ஊரில் பெரிய பெரிய அடுப்புகளோடு நடந்தது. அதன்பிறகு டாக்டர் வீட்டு அடுப்பில் பழையபடி வெந்தயக்கீரை வந்துவிட்டது. வசந்தா பிறந்த வீட்டுக்கு வரும் நாட்களில் மட்டும் டாக்டர் கீரையைப் பிடுங்கிவிட்டு அவர் கையாலேயே அடுப்பு மூட்டுவார். கூரையில் புகை தெரிந்தால் தெருவில் ஒருவருக்கொருவர், "வசந்தா வந்திருக்கறா" என்று சொல்லிக்கொள்வார்கள்.

நானும் கோயமுத்தூரில் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டேன். சில வருஷம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்க வருவதாகக் கார்டு போட்டுவிட்டுப் போனேன். தெருமுனையில் திரும்பும்போதே கூரையில் புகை தெரிந்தது. வசந்தா வந்திருக்கிறாள் போலும் என்று நினைத்தேன். வாசலில் மாராத்தாக்கா தண்ணீர்க் குடத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

"வசந்தா வரலீங்க. அவிய அம்மாவும் அங்கதான் போயிருக்கறாங்க. நீங்க வாரீங்கன்னுதானுங்க பத்த வெச்சிருக்கறாரு. எதுக்கும் இருக்கட்டும்னு நிக்கறன்" என்றார்.

உள்ளே போனேன். டாக்டர் அடுப்புக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, கண் சிவக்க ஊதிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பிடுங்கிப் போட்ட வெந்தயக்கீரை கிடந்தது. என்னைப் பார்த்ததும் ஒரு டம்ளரை நீட்டினார். பாதி காப்பிப்பொடி, பாதி புகை.

"இது ஒடம்புக்கு ரொம்பக் கெடுதல் தம்பி" என்றார். "குடி."

அதைவிட மோசமான காப்பியை நான் இன்றுவரை குடித்ததில்லை. இன்னொரு டம்ளரும் கேட்டு வாங்கிக் குடித்தேன்.