பத்து நாள் தொடாத பொருள்

குறைத்து வாழச் சொல்பவர் என்று ஓர் இனம் உண்டு. குறைத்து வாழ்கிறவர் வேறு. அவரைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. அவர்பாட்டுக்கு ஒரே செருப்பைத் தேயத் தேயப் போட்டுக்கொண்டு, வாயைத் திறக்காமல் ஒரு நாள் கடவுளிடம் போய்ச் சேர்ந்துவிடுவார். நாம் பார்க்கப் போவது சொல்பவரை. உங்கள் தெருவில் ஒருவர் கட்டாயம் இருப்பார். இல்லை என்கிறீர்களா? பொறுங்கள், கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். நீங்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் வந்து மின்விசிறியை நிறுத்துவார். நீங்கள் கை கழுவும்போது பின்னாலிருந்து கையை நீட்டிக் குழாயை மூடுவார், சோப்பு நுரை உங்கள் முழங்கையில் இருக்கும்போதே. கூட்டத்துக்குக் கூட்டம் கொடுக்கிறார்களே என்று வாங்கி வாங்கி அவர் வீட்டில் அறுபத்திரண்டு துணிப்பை சேர்ந்திருக்கும்; அத்தனை இருந்தும் கடைக்குப் போகும்போது ஒன்றை எடுத்துப் போக மறந்திருப்பார்; மறந்துவிட்டு, பிளாஸ்டிக் பையைத் தொட மாட்டேன் என்ற வைராக்கியத்தில் தக்காளியை எல்லாம் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, இரண்டு உருண்டு சாக்கடையில் விழுந்தாலும் திரும்பிப் பாராமல், தியாகி போல நடந்து வருவார். நீங்கள் கடையில் ஒரு வாளியைக் கையில் எடுத்தால் போதும், உங்கள் தோளுக்கு மேல் ஒரு குரல் கேட்கும்.

"இது நமக்குத் தேவைதானா?"

வாளி உங்களுடையது. காசு உங்களுடையது. ஒழுகுகிற பழைய வாளியும் உங்களுடையதுதான். ஆனாலும் கேட்பார்.

கெட்டவரா? இல்லவே இல்லை. கும்பிடும்போதுகூட அவர் குறைவாகத்தான் கேட்பார். தெருவைத் திருத்தும் பலம் ஒன்றை மட்டும் கொடு, வேறு எதுவும் வேண்டாம் என்பார். கடவுளும் கேட்டதைக் கொடுத்துத் தொலைத்துவிடுவார்.

இந்த இனத்தில் ஒருவரைப் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். காப்பீட்டு அலுவலகத்தில் குமாஸ்தா. சொந்தப் பெயர் ஒன்று இருக்கிறது. தெருவுக்கு அது மறந்துபோய், 'தேவைதானா சார்' என்றாகிப் பல வருடம் ஆயிற்று. அவர் மனைவி தையல்காரி. வீட்டு ஜன்னலோரம் காலால் மிதிக்கும் மெஷின் ஒன்று, அதன் முன்னால் ஒரு முக்காலி. முழங்கை கிழிந்த சட்டையை அரைக்கைச் சட்டையாக்குவாள். அண்ணனுக்குச் சிறுத்த கால்சட்டையைத் தம்பிக்குப் பிடித்துக் கொடுப்பாள். நடுவில் நைந்த போர்வையை இரண்டாகக் கிழித்து, ஓரத்தை நடுவுக்குக் கொண்டுவந்து மூட்டினால் இன்னும் ஐந்து வருடம் வரும் என்பாள், வரும். அந்தத் தெரு புதுத்துணிக் கடைக்கு அடிக்கடி போகாமல் இருந்ததற்குக் காரணம் அந்த மெஷின். இது தெருவுக்கே தெரியும். ஒரே ஒருவருக்குத் தெரியாது. அவர் அப்போது கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தார்.

கூட்டத்தில் முடிவானது இது: வீட்டுக்கு வீடு ஏணி எதற்கு, துளை போடும் மெஷின் எதற்கு? தெருமுனையில் காலியாகக் கிடக்கும் கார் ஷெட்டைப் பொதுச்சாமான் அறை ஆக்குவோம். வீட்டில் சும்மா கிடப்பதை அங்கே வைப்போம். வேண்டியவர் எடுத்துப் பயன்படுத்தட்டும். நல்ல யோசனைதான். எது சும்மா கிடக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு வழி வேண்டுமே, அதையும் அவரே கண்டுபிடித்தார். எல்லாச் சாமான் மேலும் ஒரு வெள்ளை ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். ஒரு பொருளைத் தொட்டால் ஸ்டிக்கரைக் கிழித்துவிட வேண்டும். பத்து நாள் கழித்தும் எதன் மேல் ஸ்டிக்கர் இருக்கிறதோ, அது ஷெட்டுக்குப் போக வேண்டும்.

அந்தப் பத்து நாளும் மனைவி ஊரில் இல்லை. அக்காவுக்கு ஆபரேஷன் என்று துணைக்குப் போயிருந்தாள். திரும்பி வந்து பையைக் கீழே வைத்தவள் ஜன்னலோரம் பார்த்தாள். தரையில் மெஷின் கால்களின் நாலு தடம் இருந்தது. அதன் மேல் வரிசை வரிசையாக அவர் சேர்த்துவைத்திருந்த காலி பாட்டில்கள், தொண்ணூற்றாறு.

"என்னங்க, மெஷின் எங்க?"

"எந்த மெஷின்?"

"இந்த வீட்டுல எத்தனை மெஷின் இருக்கு?"

"ஓ, அதுவா. பத்து நாளும் ஸ்டிக்கர் ஒட்டினபடியே இருந்துச்சும்மா. சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதானே."

"நான்தான் ஊர்லயே இல்லையே. நீங்கதானே பஸ் ஏத்தி விட்டீங்க?"

"அதையேதான் நானும் சொல்றேன். பத்து நாள் இல்லாமலே ஓடிடுச்சு பாரு. ஒண்ணும் குறைஞ்சு போகல."

மெஷினைச் சொல்கிறாரா, தன்னைச் சொல்கிறாரா என்று அவளுக்கு விளங்கவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது.

"இந்த பாட்டிலுக்கெல்லாம் ஸ்டிக்கர் ஒட்டலையா?"

"ஒட்டினேனே. ஒண்ணுலகூட மிஞ்சல."

எப்படி மிஞ்சும்? தொண்ணூற்றாறும் இருக்கிறதா என்று தினமும் காலையில் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணுகிறவர் அவர். எண்ணினால் தொட்டதாயிற்று. தொட்டால் பயன்பட்டதாயிற்று. சட்டம் எவ்வளவு நேர்மையாக இருக்கிறது பாருங்கள்.

ஷெட்டுக்குப் பூட்டு வந்தது. சாவி அவர் இடுப்பில். அவருக்கோ வாரம் ஆறு நாள் அலுவலகம். ஆகவே பொதுச்சாமான் அறை ஞாயிற்றுக்கிழமை பத்து மணி முதல் பன்னிரண்டு மணி வரை திறந்திருக்கும். நோட்டில் முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். சாமானை அங்கேயே பயன்படுத்தினால் நல்லது, வெளியே போனால் தேய்ந்துவிடும். பொதுப்பொருள் அல்லவா, பத்திரமாக இருக்க வேண்டும். இருந்தது. அதற்கு மேல் பத்திரமாக ஒரு பொருள் இந்த உலகத்தில் இருந்ததில்லை. ஏணியைக் கொடுத்த ஆறு வீடுகளில் நாலு வீட்டில், செவ்வாய்க்கிழமை பல்பு போனதும், புது ஏணி வாங்கிவிட்டார்கள்.

மனைவி மூன்று ஞாயிறு தன் சொந்த மெஷினுக்கு நோட்டில் எழுதிக் காத்திருந்தாள். முதல் ஞாயிறு, சாவி வைத்திருப்பவரின் மனைவிக்கே முதலில் கொடுத்தால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று தள்ளிவைத்தார். இரண்டாவது ஞாயிறு சாமான் கணக்கெடுப்பு. மூன்றாவது ஞாயிறு அவருக்கு ஜலதோஷம். அதற்குள் வீட்டு வாசலுக்குக் கிழிசலோடு வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கடைப்பக்கம் திரும்பத் தொடங்கினார்கள். இன்னும் ஒரு மாதம் இப்படியே போனால் தன்னைத் தையல்காரி என்று கூப்பிட ஆள் இருக்காது என்று அவளுக்குத் தெரிந்தது. சாயங்காலங்களில் முக்காலியில் உட்கார்ந்து, இல்லாத மிதியின் மேல் அவள் கால் தானாக அசையும்.

அப்போதுதான் எதிர்வீட்டு நர்ஸ் இடுப்பில் ஐந்து மாதக் கைக்குழந்தையோடு வந்தாள்.

"அக்கா, திங்கக்கிழமையிலேருந்து டியூட்டி. யூனிஃபார்ம் நாலும் பட்டன் மாட்ட மாட்டேங்குது. நாலுமே புதுசு வாங்கிடவா?"

"எதுக்கு வாங்கணும்? உன் கல்யாணத்துக்கு முன்னாடியே உள்ளுக்குள்ள ரெண்டு விரல் துணி விட்டுத்தான் தைச்சேன். பிரிச்சு ஒரு தையல் போட்டா சரியாப் போகும்."

"மெஷின்தான் ஜெயில்ல இருக்கே அக்கா."

"ஞாயித்துக்கிழமை தைச்சு உன் கையில தர்றேன். போ."

சொல்லிவிட்டாள். 'சாமி, எனக்குப் பெரிசா ஒண்ணும் வேண்டாம், ரெண்டே ரெண்டு மணி நேரம்' என்று வேண்டிக்கொண்டு நோட்டில் எழுதினாள். கணவரும் பக்கத்தில் 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, அதே ஞாயிறு, அதே ஷெட்டில், அதே பத்து மணிக்கு ஒரு கூட்டம் போட்டார். தலைப்பு: 'கிழிந்ததைத் தைப்போம், புதியதைத் தவிர்ப்போம்.'

"கூட்டம் முடிஞ்சதும் நீ தைச்சுக்கோயேன்" என்றார்.

"கூட்டம் எப்போ முடியும்?"

"பன்னெண்டுக்கு."

"ஷெட்டை எப்போ பூட்டுவீங்க?"

"பன்னெண்டுக்கு."

இப்படி இரண்டு பதிலையும் ஒரே மூச்சில் சொன்ன பிறகும் அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. இந்த இனத்தின் மனசு சுத்தமானது. அதில் எதுவும் ஒட்டாது.

ஞாயிற்றுக்கிழமை இருபது பேர் வந்தார்கள். பேச்சாளருக்கு மேஜை வேண்டுமே? மெஷினையே மேஜையாக்கி, மேலே ஒரு துணி விரித்து, தண்ணீர்க் கூஜா வைத்திருந்தார்கள். முன்வரிசையில் அவர் மனைவி, மடியில் நாலு வெள்ளை யூனிஃபார்ம், நாலும் வீட்டிலேயே பிரித்துக் குண்டூசி குத்தித் தயாராக. பக்கத்தில் குழந்தையோடு நர்ஸ். அடுத்த நாற்காலியில் பஸ் டிரைவர், காக்கிச் சட்டை கக்கத்தில் தையல் விட்டுப்போயிருந்ததால் கையைத் தூக்காமல் உட்கார்ந்திருந்தார்.

பேச்சு சூடு பிடித்தது. நாம் குறைக்க வேண்டும் என்றார். நாம் என்றால் யார் என்பது அவர் விரல் நீண்ட திசையில் தெரிந்தது. சூடு ஏற ஏற, அவர் கால் அவரை அறியாமல் மிதியை மிதித்தது. கீழே சக்கரம் வெறுமனே சுற்றியது. நூலும் இல்லை, துணியும் இல்லை. மேலே பேச்சும் அந்த வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தது.

மனைவியின் காதில் விழுந்தது சக்கரத்தின் கிறீச் மட்டும்தான். வாராவாரம் எண்ணெய் விட்டதாக நோட்டில் எழுதியிருந்தது. அவளுக்கு எப்படியோ இருந்தது. ஷெட்டின் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து நாற்பது. எழுந்தாள்.

கூஜாவை எடுத்து டிரைவர் கையில் கொடுத்தாள். குறிப்புத்தாள்களை அடுக்கிக் கணவர் கையில் மரியாதையாகக் கொடுத்தாள். துணியை உருவினாள். உள்ளே மடங்கிக் கிடந்த மெஷினைத் தூக்கி நிறுத்தினாள், சக்கரத்துக்கு வாரை மாட்டினாள், பையிலிருந்த எண்ணெயில் நாலு சொட்டு விட்டாள், நூல் நுனியை நாக்கில் நனைத்து ஊசியில் கோத்தாள்.

"என்னம்மா பண்றே? கூட்டம் நடக்குது."

"நீங்க பேசுங்க, நான் ஒண்ணும் சொல்லல. எனக்குப் பத்துலேருந்து பன்னெண்டு. நீங்கதான் சரின்னு எழுதியிருக்கீங்க."

"எழுதியிருக்கு சார்" என்றார் டிரைவர், கூஜாவை மடியில் வைத்துக்கொண்டு. "நானே பார்த்தேன்."

அவர் பேசினார். மெஷினும் பேசியது. கிழிந்ததைத் தைப்பதன் அருமை பற்றி அவர் ஒரு வாக்கியம் தொடங்குவார்; அது முடிவதற்குள் ஒரு யூனிஃபார்மின் இடது பக்கம் முடிந்துவிடும். நாற்காலிகள் ஒவ்வொன்றாக மெஷின் பக்கம் திரும்பின. நர்ஸ் ஒன்றைப் போட்டுப் பார்த்தாள், பட்டன் மாட்டியது, யாரோ கைதட்டினார்கள். தனக்கு என்று நினைத்து அவர் தலை வணங்கினார்.

பன்னிரண்டு அடித்தது. இரண்டு முடிந்திருந்தது, இரண்டு பாக்கி. அவர் சாவியை எடுத்தார்.

"நேரம் ஆச்சும்மா. பாக்கியை அடுத்த ஞாயிறு பார்த்துக்கலாம்."

நர்ஸ் குழந்தையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினாள்.

"ஒரே ஒரு சந்தேகங்க" என்றாள் மனைவி. "பத்து நாள் தொடாததுதானே இங்க வந்துச்சு?"

"ஆமா."

"இதை இப்போ தொட்டாச்சே. இது எப்படி இங்க இருக்கலாம்?"

அவர் விதிகள் எழுதிய நோட்டைப் புரட்டினார். முன்னால் புரட்டினார், பின்னால் புரட்டினார். சாமான் உள்ளே வருவதற்கு இரண்டு பக்கம் விதி இருந்தது. வெளியே போவதற்கு ஒரு வரிகூட இல்லை. எழுதும்போது தோன்றவில்லை.

"அந்த நோட்டை இப்படிக் கொடுங்க" என்று வாங்கி அவளே எழுதினாள். சாமான்: தையல் மெஷின். காரணம்: தையல். திருப்பித் தரும் நாள் என்ற கட்டத்தில் கொஞ்சம் யோசித்து, 'கடவுள் கூப்பிடும் அன்று' என்று எழுதினாள்.

அவர் இரண்டு தடவை படித்தார். "இதுல தேதி போடணும்மா."

"அவர் சொன்னதும் போட்டுடறேன்."

டிரைவர் சிரித்த சிரிப்பில் கக்கத்துத் தையல் மிச்சமும் விட்டுப்போயிற்று. அவரும் இன்னும் இரண்டு பேருமாக மெஷினைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தார்கள். பின்னால் அவள், அவளுக்குப் பின்னால் சாவியோடு அவர். வீட்டுக்குள் போனால் மெஷினை வைக்க இடமில்லை. தொண்ணூற்றாறு பாட்டிலும் அணிவகுத்து நின்றன. அவள் ஒரு பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். குரலில் கேலி இல்லை, மெதுவாகத்தான் கேட்டாள்.

"என்னங்க, இது நமக்குத் தேவைதானா?"

இத்தனை வருடத்தில் அந்தக் கேள்வியை அவரிடம் ஒருவரும் கேட்டதில்லை. அவர், பாவம், பாட்டிலை அவள் கையிலிருந்து வாங்கி, 'ஒண்ணு' என்று எண்ணத் தொடங்கினார்.

நாலு யூனிஃபார்மும் அன்று சாயங்காலமே எதிர்வீட்டுக்குப் போய்விட்டது. டிரைவர் ஷெட்டு வாசலில் ஓர் ஆணி அடித்துச் சாவியை வாங்கித் தொங்கவிட்டார். அதன் பிறகு ஏணி செவ்வாய்க்கிழமையும் வெளியே போகிறது. புது ஏணி வாங்கிய நாலு பேரும் கூச்சப்பட்டுக்கொண்டு அதையும் அங்கேயே கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். ஆக, குறைத்து வாழும் அந்தத் தெருவில் இப்போது பொது ஏணி பத்து. பாட்டில்களும் ஷெட்டில்தான் இருக்கின்றன. இதுவரை யாரும் கேட்கவில்லை. அவர் மட்டும் தினமும் காலையில் போய்த் தொட்டுவிட்டு வருகிறார்.

சிரித்துவிட்டீர்களா? அடுத்த வீட்டுக்காரர் முகம்தானே கண்ணில் வந்தது? இதை அவருக்குப் படிக்கக் கொடுக்க வேண்டும் என்றுகூடத் தோன்றியிருக்கும். கொடுங்கள், தாராளமாகக் கொடுங்கள். கொடுப்பதற்கு முன்னால் ஒன்றை மட்டும் நினைத்துப் பாருங்கள். சாமானைக் குறைப்போம் என்று கடைசியாக உங்கள் வீட்டிலிருந்து ஒரு பொருள் வெளியே போயிற்றே, அது யாருடையது?