மேலக்குடிக் கிணற்று மீன்கள்

இருநூற்று நாற்பது கெண்டைக்குஞ்சுகளில் இருநூறைக் காணவில்லை.

ஞானராஜ் படிக்கிணற்றின் கடைசிப் படியில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மூன்று முறை எண்ணிப் பார்த்துவிட்டார். விட்டது போன மாதம்தான். மதுரையில் ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கும் தற்காலிக வாத்தியார் அவர். அந்தத் ‘தற்காலிக’ என்ற சொல் போவதும் இருப்பதும் இந்த மீன்களின் கையில்தான் இருந்தது.

தேவதானத்துக்குப் பக்கத்தில் மேலக்குடி, கீழக்குடி என்று அடுத்தடுத்து இரண்டு சிற்றூர்கள். இரண்டிலும் படியிறங்கித்தான் தண்ணீர் மொள்ள வேண்டும். இரண்டிலும் கோடை வந்தால் காலைப் பொத்துக்கொண்டு நூல் மாதிரி நரம்புச்சிலந்தி வெளியே வரும். ஊருக்கு முப்பது நாற்பது பேர் நடக்க முடியாமல் படுத்துவிடுவார்கள். சிலந்தியின் குஞ்சு கிணற்றுத் தண்ணீரில் ஒரு பொடிப் பூச்சிக்குள் குடியிருக்கிறது. அந்தப் பூச்சியைக் கெண்டைக்குஞ்சு தின்றுவிடும் என்பது ஞானராஜின் கட்சி; மீன் விட்ட அன்றே இரண்டு ஊராரிடமும் அதைச் சொல்லியிருந்தார்.

சர்வகலாசாலை ஒப்புக்கொண்ட ஏற்பாடு இதுதான்: மேலக்குடிக் கிணற்றில் மீன் விடுவது, கீழக்குடிக் கிணற்றில் விடாமல் வைப்பது, ஒரு வருஷம் கழித்து இரண்டு ஊர் நோயாளிகளையும் எண்ணி ஒப்பிடுவது. பலித்தால் வேலை நிரந்தரம். பலிக்காவிட்டால் சாத்தூரில் சித்தப்பாவின் சேவுக்கடை.

“யாரோ பிடிச்சுத் திங்கிறாங்க” என்றார் ஞானராஜ், மேலக்குடி நாட்டாமை ஆவுடையப்பனிடம்.

“கெண்டைக்குஞ்சையா? பல்லிடுக்குக்குக் கூடக் காணாதே, வாத்தியாரய்யா.”

ஞானராஜ் நம்பவில்லை. தமுக்கு அடிக்கச் சொன்னார். “இது மருந்து மீனு! கெணத்துல கெடந்தா நரம்புச்சிலந்தி வராது! பிடிச்சுத் தின்னா பேதியாகும்!”

அடுத்த வாரம் மிச்சமிருந்த நாற்பதில் ஏழுதான் நீந்திக்கொண்டிருந்தன.

“மருந்துன்னு நீங்கதான சொன்னிய?” என்று ஆவுடையப்பன் பொறுமையாக விளக்கினார். “மருந்துன்னா பேதியாகத்தான் செய்யும். கொடலு சுத்தமாகட்டுமேன்னு தின்னிருப்பான்.”

கண்மாயில் மறுபடி வலை வீசி, இரண்டு மண்ணெண்ணெய்த் தகரத்தில் முந்நூறு குஞ்சுகளைச் சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்து விட்டார் ஞானராஜ். இந்தத் தடவை மேலக்குடிக்காரன் இருளப்பசாமியைக் காவலுக்கும் வைத்தார். இருளப்பசாமி கம்பும் கையுமாகப் பொழுது விடிந்தது முதல் அடையும் வரை கிணற்றடியை விட்டு நகரவில்லை. பதினைந்தாம் நாள் எண்ணியபோது நூறைக் காணவில்லை.

“தூண்டி வரல. வல வரல. ஒரு கொக்கு வந்துச்சு, அதையும் வெரட்டிட்டேன். பொம்பளைய தண்ணி மொள்ள வருதாவ, போறாவ. அம்புட்டுதான்” என்றான் இருளப்பசாமி.

“கையைக் காட்டும்.”

முகர்ந்து பார்த்தார். மூக்குப்பொடி வாசம்தான் வந்தது. அப்படியானால் சட்டி வீட்டில்தான் இருக்க வேண்டும் என்று ஆராய்ச்சி மூளை சொன்னது. நேரே இருளப்பசாமியின் அடுப்படிக்குள் நுழைந்து குழம்புச்சட்டியின் மூடியைத் திறந்து மூக்கை நீட்டினார்.

அவன் பெண்சாதி அய்யம்மாள் அகப்பையோடு எழுந்தாள். “ஏய்யா, ஊராவூட்டுச் சட்டியை மோந்து பாக்கவா காலேஜுல படிச்சிட்டு வந்திய?”

ஊர் கூடிவிட்டது. இனிமேல் மீனும் வேண்டாம், மோப்பமும் வேண்டாம் என்று தீர்ப்பாயிற்று. ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோர்ட்டில் ஏற்றிவிடுவதாகக்கூட ஒருவர் குதித்தார். ஞானராஜ் வீடு வீடாகப் போய்க் கும்பிட்டார். கடைசியில் ஆவுடையப்பன்தான் மனம் இரங்கினார்.

“மீனை விடுங்க. விட்டுட்டுத் திரும்பிப் பாக்காமப் போயிரணும். எண்ணப்படாது.”

அப்படியே செய்தார். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வந்து இரண்டு தகரத்தையும் கவிழ்த்துவிட்டு, ராஜபாளையத்துச் சாலையைப் பார்த்துச் சைக்கிளை மிதித்தார். கீழக்குடிக் கிணற்றுப் பக்கம் அவர் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. மீன் விடாத கிணற்றைத் தொடக்கூடாது என்பது ஆராய்ச்சி ஒழுக்கமாம்.

மறு கோடை வந்தது. ஞானராஜ் நோட்டும் பென்சிலுமாக வந்தார். மேலக்குடியில் போன வருஷம் முப்பத்தெட்டு பேர்; இப்போது பத்தொன்பது. பரவாயில்லை, தின்றது போக மிஞ்சியதாவது வேலை செய்திருக்கிறது என்று தேறுதல் சொல்லிக்கொண்டு கீழக்குடிக்குப் போனார். அங்கே போன வருஷம் முப்பத்தைந்து. இப்போது இரண்டு பேர். நம்பிக்கை வராமல் மறுபடி தெருத்தெருவாக நடந்தார். இரண்டே பேர்தான். அதிலும் ஒருவர் போன மாதம் வெளியூரிலிருந்து வந்து சேர்ந்த வீட்டோடு மாப்பிள்ளை.

வேப்பமரத்தடியில் நோட்டை விரித்து உட்கார்ந்தார். மீன் விட்ட ஊரில் பத்தொன்பது, விடாத ஊரில் இரண்டு. ஊர்ப் பெயர்களை மட்டும் மாற்றி எழுதிவிட்டால் மதுரையில் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. பென்சிலைக்கூட எடுத்துவிட்டார், கை வரவில்லை. பொய் எழுதிக் கிடைக்கும் வேலையைவிடச் சேவு பிழிவது மேல் என்று தோன்றியது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. “மீன்களால் ஒரு பயனும் இல்லை” என்று எழுதத் தொடங்கினார்.

அந்த வழியாக மாடத்தி இடுப்பில் குடத்தோடு விறுவிறுவென்று வந்தாள். போன கோடையில் இரண்டு காலிலும் சிலந்தியோடு படுத்துக்கிடந்த கீழக்குடிக்காரி.

“என்னய்யா, மொகம் இம்புட்டு வாடிக் கெடக்கு?”

“மீனால பிரயோசனம் இல்லன்னு எழுதுறேன்மா. மீனே விடாத உங்க ஊருலதான் நோய் ஓடிப்போச்சே.”

மாடத்தி குடத்தை இறக்கி வைத்தாள். அக்கம்பக்கம் பார்த்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்:

“அய்யய்யோ, அப்படி எழுதிராதீய! ஒங்க மீன ஒருத்தரும் திங்கலை. வருசம் பூராவும் குடத்துக்கு நாலஞ்சா மொண்டாந்து எங்க கெணத்துல விட்டது நாங்கதான்!”